மஞ்சள் வைத்த அத்தியாயம்

"...இதுக்கு இன்னாத்துக்குய்யா காஞ்சிபுரம் வரைக்கும் போனீங்க? எங்க ஊரு பள்ளிக்கூடத்துல கேட்டிருந்தா இதாட்டம் பத்துக் கட்டு குடுத்திருப்பாங்களே!"

திருப்புட்குழியில் ஒரு கல்யாணப் பந்தலின் நடுவில் நின்றுகொண்டு, ஒரு தாள்கட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி இப்படிக் கேட்டவர் மணப்பெண்ணின் அத்தை. பதில் சொல்ல வேண்டியவர்கள் மாப்பிள்ளை வீட்டார். அந்தத் தாள்கட்டை எழுதியவன் நான். கல்யாணத்துக்கு யாதொரு சம்பந்தமும் இல்லாதவனாகப் பந்தலின் கடைசி வரிசைக்குப் பின்னால், கக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து போய் நின்றிருந்தேன்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஐந்து வருடப் படிப்பின் கடைசி அத்தியாயம் அது. வரவில்லை. 'அடடா, என்ன வாய்!' என்றுதான் தோன்றியது. என் வாழ்க்கையில் எனக்குச் சோறு போட்டது இந்தப் புத்திதான். ஒருவர் வாயிலிருந்து நல்லதாக ஒரு பேச்சு வந்துவிட்டால், அது என்னைத் திட்டுகிற பேச்சாக இருந்தாலும், முதலில் அதை எடுத்து வைத்துக்கொள்வேன். வலிப்பதெல்லாம் பிறகுதான்.

நான் அரசமைப்புச் சட்டம் கற்பித்தவன். முசரவாக்கத்துக்காரன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் சட்டத்தில் மாட்டியவர்கள் உண்டு, சட்டம் படித்தவர்கள் கிடையாது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் காஞ்சிபுரம் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கிலீஷ் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தீர்ப்புகளைப் பார்த்துப் பார்த்து எழுதி, எழுதியதன் பொருளை அகராதியில் தேடி, அப்படியே கற்றுக்கொண்டதுதான். என் மனைவிக்குக் கல்யாணமான புதிதில் எழுதிய கடிதத்தில்கூட 'மேற்படி விஷயம்' என்று இருந்ததாக இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வாங்கினேன். பிறகு மெட்ராசில் மாலை வகுப்பில் சட்டம் முடித்தேன். அறுபதுகளின் நடுவில் ஒரு சட்டக் கல்லூரியில் கடைநிலை ஆசிரியனாக நுழைந்தேன். வீடு காஞ்சிபுரம், வேலை மெட்ராஸ், நடுவில் ரயில்.

முதல் வகுப்பிலேயே எனக்கு ஒரு பெயர் கிடைத்தது. மற்ற ஆசிரியர்கள் சமத்துவ உரிமையை அதன் வாசகத்தைப் படித்துத் தொடங்குவார்கள். நான் அன்று காலையில் ரயில்வே கேட்டருகே கேட்டதிலிருந்து தொடங்கினேன். அங்கே காய்கறி விற்கும் பெண்ணைக் கூடையை எடுக்கச் சொல்லி ஒரு போலீஸ்காரர் விரட்டினார். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல், "நீ நிக்கிறதும் ரோடு, நான் குந்திக்கினு இருக்கிறதும் ரோடு. நிக்கிறவனுக்கு மட்டும்னு எங்கனா எழுதி வெச்சிருக்குதா?" என்றாள். இதைச் சொன்னதும் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்தான். அந்த வருடம் சமத்துவ உரிமைக் கேள்விக்கு என் மாணவர்கள் எழுதிய பதிலைப் போல யாரும் எழுதவில்லை. சக ஆசிரியர்கள் என் வகுப்புக்கு 'சந்தைக்கடை' என்று பெயர் வைத்தார்கள். வைக்கட்டும். சந்தைக்கடையில் இடம் இல்லாமல் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் வாசலில் நின்று கேட்டார்கள்.

அறுபத்தெட்டில் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். நான் எடுத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு, சரி, எதுவரை உண்டு? அதற்கு முந்தின வருடம்தான், அடிப்படை உரிமைகளில் கைவைக்கவே கூடாது என்று பதினொரு நீதிபதிகள் அமர்ந்து தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அது தவறு, எதையும் திருத்தலாம் என்பது என் வாதம். ஐந்து வருடம் அதை அடுக்கடுக்காக எழுதினேன். எழுபத்து மூன்று கோடையில் பதின்மூன்று நீதிபதிகள் அமர்ந்தார்கள். எதையும் திருத்தலாம் என்றார்கள்; நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் அடிப்படைக் கட்டமைப்பை மட்டும் மாற்றக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னார்கள், உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் துறையின் மூத்த பேராசிரியர் தாழ்வாரத்தில் என்னைப் பார்த்து, "உம்ம ஆராய்ச்சி செத்துப்போச்சாமே. எப்ப எடுக்கிறாங்க?" என்றார். பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்லாத்தானே கேட்டார்!

அந்த ஆவணியில் ஒரு உயர் பதவி காலியாயிற்று. வகுப்பு எடுப்பவன் என்ற நிலையிலிருந்து துறையில் குரல் உள்ளவன் என்ற நிலைக்குப் போகும் படி அது. தேர்வுக் குழுவின் தலைவர் அதே மூத்த பேராசிரியர். எனக்கு வந்த கடிதத்தில், பட்டம் இன்னும் வராதபடியால் புதிய தீர்ப்பை ஒட்டித் திருத்தி எழுதிய கடைசி அத்தியாயத்தை நேர்காணலுக்குக் கையோடு கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் வர வேண்டியதில்லை என்று இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் இரண்டு மணி. எனக்கு அது பயமுறுத்தலாகத் தெரியவில்லை. மூன்று மாதத்தில் நூற்று முப்பது பக்கம் எழுதி முடித்திருந்தேன். அடிப்படை எது, அடிப்படை அல்லாதது எது என்று பிரித்துக் காட்ட ஆறு சோதனைகள் கண்டுபிடித்திருந்தேன். எழுதியது என் கையெழுத்தில் ஒரே ஒரு பிரதி. தட்டச்சுக்குக் கொடுக்க நேரமில்லை.

இனி பெட்டிக்கு வருகிறேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டின் பின்கட்டில் நாங்கள் குடியிருந்தோம். உள்கூடத்தில் தறி. முன்னறையில் புடவை வியாபாரம். வியாபாரம் முழுக்க வீட்டுக்கார அம்மாள் கையில். தெலுங்கு பேசும் குடும்பம். ஆனால் அந்த அம்மாளின் தமிழுக்கு முன்னால் நின்று பேசக் காஞ்சிபுரத்தில் ஆள் கிடையாது. அட்டைப் பெட்டிகளில் மூலை நசுங்கியதை எனக்குக் கொடுத்துவிடுவார். என் குறிப்புகள், தீர்ப்பு நகல்கள், அத்தியாயங்கள் எல்லாம் அவற்றில்தான் இருந்தன. "நீ எழுதறது எவனுக்கும் புரியாது. பட்டுப் பொட்டியில இருந்தாலாவது மரியாதயா தொடுவானுங்க" என்பார்.

வியாழக்கிழமை மதியம் அத்தியாயத்தைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி பிரசவத்துக்கு ஏனாத்தூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டுக்கார அம்மாள் வாசலில் வந்து நின்றார்.

"முடிச்சிட்டியாப்பா?"

"முடிஞ்சிடுச்சும்மா. நாளைக்கு இதக் காட்டி வேலைய வாங்கிக்கினு வரப்போறேன்."

"மொட்டையா எடுத்துக்கினு போவியா? குடு இப்படி. சாமிகிட்ட வெச்சி, மஞ்சள் தடவித் தரேன்."

"அதெல்லாம் வேணாம்மா. சட்டத்துக்கு எதுக்கு மஞ்சள்?"

"கல்யாணத்துக்கு எடுத்தா நாலு மூலையிலயும் மஞ்சள் வெச்சித்தான் குடுக்கறேன். நீயும் ஒரு நல்ல காரியத்துக்குத்தானே போற? எழவுக்கா போற?"

 எனக்கு மஞ்சளில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வாதத்தில் ஓட்டை இல்லை. கொடுத்துவிட்டேன். அவர் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, மஞ்சள் நூலால் குறுக்கே கட்டி, சாமி மாடத்தில் வைத்தார். அங்கே ஏற்கெனவே அதே அளவில், அதே மாதிரி மஞ்சள் வைத்த இன்னொரு பெட்டி இருந்ததை நான் கவனிக்கவில்லை. அது ஒரு கூறைப்புடவை. ஒரு வாரம் முன்பே மாப்பிள்ளை வீட்டார் வந்து எடுத்து, நல்ல நேரத்தில் வாங்கிக்கொள்கிறோம் என்று விட்டுப் போயிருந்தார்கள். அன்று மாலை மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்தார். வீட்டுக்கார அம்மாள் தம் கையாலேயே மாடத்திலிருந்து பெட்டியை எடுத்து, "முகூர்த்த நேரத்துக்கு முன்னால நூல அவுக்காதீங்க, நான் வெச்ச மஞ்சள் அது" என்று கண்டிப்பாகச் சொல்லிக் கொடுத்தனுப்பினார். அவர்களும் அப்படியே பயபக்தியோடு என் ஆறு சோதனைகளைத் திருப்புட்குழிக்கு எடுத்துப் போனார்கள்.

விடிந்ததும் மாடத்தில் மிச்சமிருந்த பெட்டியை எடுத்துக்கொண்டு நான் ரயிலேறினேன். கனத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நூற்று முப்பது பக்கச் சட்டமும் ஒரு முகூர்த்தப் புடவையும் ஒரே கனம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வண்டி காஞ்சிபுரம் தாண்டியதும், நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரியைத் திருத்தலாம் என்று நூலை அவிழ்த்தேன். மூடியைத் திறந்தால் மேலே ஒரு கல்யாணப் பத்திரிகை. அதன் கீழே அரக்கு நிறத்தில், மாங்காய் போட்ட ஜரிகைக் கரையோடு ஒரு புடவை. எதிரே துறைமுகத்தில் வேலை பார்க்கும் சீசன் டிக்கெட் நண்பர் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், உங்க சட்டத்துக்குக் கரையெல்லாம் போட்டிருக்குது!"

என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. பத்திரிகையைப் படித்துக் காட்டினேன். திருப்புட்குழி. அன்றைக்கே. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்.

"அப்ப உங்க பேப்பரு அங்க கீது, அவங்க புடவ இங்க கீது" என்றார். பிறகு ஒரு ரயில் பெட்டியே கேட்கிற மாதிரி யோசனை சொன்னார். "சார், நான் சொல்றேன் கேளு. நேரா மெட்ராஸ் போ. பேப்பர் இல்லாட்டி இன்னா, உனுக்கு வாய் இல்ல? நீ பேச ஆரம்பிச்சா வண்டியே நிக்காம ஓடுது. அவங்க வேற புடவ பாத்துப்பாங்க. போயி வேலைய வாங்கு."

நியாயமான பேச்சு. என் வாயின் மேல் எனக்கு அவரைவிட அதிக நம்பிக்கை உண்டு. காகிதம் இல்லாமல் வராதே என்று எழுதியவர் முன்னால் போய் உட்கார்ந்து, காகிதத்தைக் கேட்க அவருக்கு நேரமே தராமல் ஒரு மணி நேரம் பேச என்னால் முடியும். பேசியும் இருப்பேன். ஆனால் மடியில் புடவை. இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண் அதற்காக மணையருகே காத்து நிற்பாள். எங்கள் வீட்டுக்கார அம்மாள் தம் கையால் மஞ்சள் வைத்துக் கொடுத்த வாக்கு அது. அது பொய்த்தால், இனிமேல் திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து ஒருவரும் அவர் வாசலுக்கு வர மாட்டார்கள். இன்னொரு காரணமும் சொல்லிவிட வேண்டும். அந்த நூற்று முப்பது பக்கத்தை மறுபடி என்னால் எழுத முடியாது. வாய் எத்தனை நீளமானாலும் அது பட்டம் தராது.

வாலாஜாபாத்தில் இறங்கிவிட்டேன். நண்பர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "போறது போற, சாப்பிட்டுட்டு வா சார்!" என்று கத்தினார்.

வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு பேருந்து, அங்கிருந்து பாலுசெட்டி சத்திரம் வழியாகப் போகும் இன்னொன்று. நடுவில் ஒரு டயர் போயிற்று. இறங்கி, கோயில் பக்கம் ஓடி, மேளச் சத்தத்தை வைத்துப் பந்தலைக் கண்டுபிடித்தேன். நான் பந்தலை நெருங்கவும் மேளம் நிற்கவும் சரியாக இருந்தது. அப்போதுதான் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். அப்போதுதான் அத்தை அந்தப் 'பத்துக் கட்டு' பேச்சைப் பேசினார்.

உடனே கையை உயர்த்தி, 'இதோ புடவை' என்று கத்தியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கத்தியிருக்கலாம். ஆனால் தாய்மாமன் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார், நான் நின்றுவிட்டேன். இதை என் குற்றமாக ஒப்புக்கொள்கிறேன்.

"எங்களுக்கு இன்னாம்மா தெரியும்? தொறக்கவே கூடாதுன்னு கடக்காரம்மா சொன்னாங்க, நாங்க தொறக்கல" என்றார் அவர்.

"தொறக்காம வெச்சா உள்ள இருக்கிறது புடவையாயிடுமா?" என்றார் அத்தை. "முட்டையா அது, அடகாத்து வெக்க?"

மாப்பிள்ளையின் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். தாய்மாமன் தோளில் கரைபோட்ட துண்டு, கட்சிக்காரர். மேடைப் பழக்கம் தெரிந்தது. குரலை உயர்த்தினார்.

"இப்ப இன்னா ஆயிப்போச்சி? சட்டமே வந்துட்டுது. மாலை மாத்துனா போதும், கல்யாணம் செல்லும். ஐயர் வேணாம், ஓமம் வேணாம், கூறையும் வேணாம். பொண்ணு கட்டிக்கினு இருக்கிற புடவையோட தாலி கட்டுங்க. நேரம் போவுது!"

சொன்னது சட்டப்படி சரி. சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று ஆக்கிய அந்தத் திருத்தத்தைப் பற்றி நானே வகுப்பெடுத்திருக்கிறேன். பந்தலில் நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். அத்தை தாள்கட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

"ஐயர் வாணாமா, சரி, நாங்களுந்தான் வெக்கல. மேளம் வாணாமா, நிறுத்திக்கோ. பந்தல் வாணாமா, வெயில்ல குந்திக்கிறோம். பாயசம் இல்லியா, எவனும் எலைய வுட்டு எழுந்திருக்க மாட்டான். அல்லாத்தையும் மாத்திக்கோப்பா, கல்யாணம் கல்யாணந்தான். ஆனா பையன் வூட்டுலருந்து பொண்ணுக்குன்னு ஒரு துணி வரல. அதக் கட்டிக்கினுதான அது உங்க வூட்டு மனுஷி ஆவுது? அதுவும் இல்லேன்னா, நாங்கல்லாம் கெளம்பி இங்க இன்னாத்துக்கு வந்தோம்?"

 நூற்று முப்பது பக்கத்தில் நான் தேடியது இது. எதை எடுத்தால் வந்தவர்கள் 'நாங்கள் எதற்கு வந்தோம்' என்று கேட்கிறார்களோ, அது அடிப்படை. மற்றதெல்லாம் மேளமும் பாயசமும். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கையிலிருந்த பெட்டியின் மூடியிலேயே அந்த வாக்கியத்தை எழுத ஆரம்பித்தேன்.

"யாருய்யா அது பின்னால, போலீசாட்டம் எழுதிக்கினு நிக்கிறது?"

அத்தையின் கண் என் மேல் இருந்தது. பந்தலே திரும்பியது.

"நான் காஞ்சிபுரத்துலருந்து வரேம்மா. உங்க புடவ எங்கிட்ட இருக்குது. உங்க கையில இருக்கிறது என்னுது."

 எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கித் திறந்து, அரக்கைப் பார்த்ததும் மறுபடி அழுதார். இது வேறு அழுகை. தாய்மாமன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அத்தை மட்டும் அசையவில்லை.

"எப்ப வந்த?"

"இப்பத்தாம்மா."

"இப்பன்னா? நான் விரல மடக்கக்குள்ளயே நின்னுக்கினு இருந்தியா?"

"ஆமாம்மா. நீங்க பேசனது நல்லா இருந்துது, கேட்டுக்கினு நின்னுட்டேன்."

"ங்கொய்யால, இங்க ஒரு கல்யாணம் நிக்குது, இவுரு கச்சேரி கேட்டாராம்!" என்றார் அத்தை. பந்தல் கொல்லென்று சிரித்தது. பெண்ணை உள்ளே அழைத்துப் போனார்கள். மேளம் மறுபடி தொடங்கியது.

நான் கையை நீட்டினேன். அத்தை தாள்கட்டைத் தரவில்லை.

"தாலி ஏறட்டும். அது வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும். புடவையில எதுனா கொற கீதான்னு பாக்க வாணாமா?"

"அம்மா, ரெண்டு மணிக்கு மெட்ராசுல எனக்கு வேலைக்குப் பாக்கறாங்க. அந்தப் பேப்பர் இருந்தாத்தான் உள்ள வுடுவாங்க."

"இருந்தா வேலையா? இதுல அப்படி இன்னா எழுதியிருக்குது?"

"எத மாத்தலாம், எத மாத்தக் கூடாதுன்னு எழுதியிருக்குதும்மா."

அத்தை தாள்கட்டைப் புரட்டிக் கனம் பார்த்தார். "அதுக்கு இத்தனையா?"

பெண் அரக்குப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். அந்தப் புடவையை ரயிலில் மடியில் வைத்திருந்தபோது அது துணியாகத்தான் தெரிந்தது. பத்து மணி பதினெட்டு நிமிடத்துக்குத் தாலி ஏறியது. கையிலிருந்த அட்சதையை நானும் போட்டேன். கையெழுத்துப் பிரதியைக் கடன் கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு அந்த உரிமை உண்டு.

நேர்காணலில் நடந்ததை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பிறகு பந்தலுக்குத் திரும்பி வருகிறேன். குழுவில் ஐந்து பேர். தலைவர் என் தாள்கட்டை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார். ஓரத்தில் மஞ்சள் கறை. முகம் சுளித்தார்.

"அடிப்படை எதுவென்று பட்டியல் போட்டிருக்கிறீரா?"

"ஆறு சோதனை போட்டிருக்கிறேன் ஐயா. ஆனால் அது ஐந்து அதிகம் என்று இன்று காலை பத்து மணிக்குத் தெரிந்துகொண்டேன்."

"இதென்ன பேச்சு?"

"பட்டியலை முன்கூட்டியே போட முடியாது. ஒன்றை எடுத்துப் பார்க்கும்போதுதான் அது அடிப்படையா இல்லையா என்று தெரியும். அதை எடுத்த பிறகு, இந்த அரசமைப்பை நமக்கு நாமே எதற்குக் கொடுத்துக்கொண்டோம் என்ற கேள்வி எழுந்தால், அது அடிப்படை. எழாவிட்டால், திருத்திக்கொள்ளலாம்."

"இதற்கு ஆதாரம்?"

"திருப்புட்குழி" என்றேன். மறைப்பானேன்? நடந்ததை முழுக்கச் சொன்னேன். குழுவில் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் இருந்தார். கதை பாயசத்துக்கு வந்தபோது அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் ஒன்றரை மணி நேரம் கேள்வி கேட்டார், ஒன்றுக்கும் நான் வாய் குழறவில்லை. கடைசியில் அவர், "உம்ம சந்தைக்கடையை என் மாணவர்களுக்கும் திறந்து விடும்" என்றார். வேலை கிடைத்தது. அத்தியாயத்தை மூன்றாவது முறையாக எழுதி நூற்று முப்பது பக்கத்தை எழுபதாக்கினேன்; அடுத்த வருடம் பட்டமும் வந்தது. எங்கள் வீட்டுக்கார அம்மாள் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டார். மூன்றாம் நாள், "பாத்தியா, என் மஞ்சள் ரெண்டு காரியத்தையும் முடிச்சிது" என்று தெருவுக்கே சொல்ல ஆரம்பித்தார். பின்னால் எத்தனையோ வருடம் நான் நடத்திய அந்தப் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளில் பலர் நீதிமன்றங்களில் பெரிய இடங்களுக்குப் போனார்கள். ஒருவராவது அந்தச் சோதனையை யார் சொன்னது என்று கேட்டதில்லை.

ஆனால் அத்தை இல்லாவிட்டால் அந்த இரண்டு மணிக்கு நான் அங்கே இருந்திருக்கவே மாட்டேன். தாலி ஏறியபோது பத்து பதினெட்டு. மெட்ராஸ் ரோடு அங்கிருந்து அரை மைல். காஞ்சிபுரத்துக்கு அடுத்த பேருந்து பன்னிரண்டுக்குத்தான் என்றார்கள். வேலூரிலிருந்து வரும் எக்ஸ்பிரஸ் ஒன்று பத்தே முக்காலுக்கு ரோட்டில் போகும். அது நேராக மெட்ராஸ்தான் போகும், ஆனால் அந்த ஊரில் நிற்காது.

"நிக்காதா?" என்றார் அத்தை. தாள்கட்டை என் கையில் கொடுக்காமல், "வா" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகியிருந்தார். கல்யாண வீட்டில் யாரோ, "அக்கா, பந்தி ஆரம்பிக்குது!" என்று கூப்பிட்டார்கள். திரும்பவில்லை. நான் பின்னால் ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்: யார் கேள்வி கேட்பாங்க, எத்தினி பேரு, அதுல பொம்பள உண்டா. இல்லை என்றேன். "அதான் அத்தினி பக்கம் தேவப்படுது" என்றார்.

ரோட்டுக்கு வந்து சேர்ந்தபோது தூரத்தில் பேருந்து தெரிந்தது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு, நிற்கிற யோசனையே இல்லாத வேகத்தில் வந்தது. நான் ஓரத்தில் நின்று கையைக் காட்டினேன். ஓட்டுநர் ஹாரனை அழுத்தியபடியே வந்தார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் தாள்கட்டை முந்தானைக்குள் செருகிக்கொண்டு, ரோட்டின் நடுக்கோட்டுக்கு நடந்து போய், பேருந்துக்கு முகத்தைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.